ரெய்டு திடீரென்று ஆமை வேகம், டிஸ்க் போச்சா? (அவசரம்)

கல்கண்டு_டப்பா:
வீட்டு சர்வரில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு) காப்பி ஆகும் வேகம் வினாடிக்கு 8 எம்பிக்கு இறங்கிவிட்டது. முன்பு 110 வரும். டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன், எல்லாம் பாஸ். பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இதில்தான். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
எத்தனை டிஸ்க்? எந்த ரெய்டு? எந்த ஓஎஸ்? சர்வருக்குள்ளேயே காப்பி செய்தாலும் இதே வேகமா?

வெயில்_காலம்:
சூடுதான் சார். ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். எனக்கு 52 டிகிரி போனபோது இப்படித்தான் ஆனது.

முதுகிழவன்:
ஸ்மார்ட்டில் பாஸ் என்பது பத்தாம் வகுப்பில் 35 மார்க் வாங்குவது மாதிரி. எழுநூறு தடவை எழுதியாயிற்று, தேடிப் படிக்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் எந்த ஸ்மார்ட் எண்ணிக்கையும் ஏறாமலேயே செத்தவை. சூடு ஆசாமியும் அதைப் படிக்கலாம். மிதமான சூட்டுக்கும் சாவுக்கும் பெரிய தொடர்பு கிடைக்கவில்லை.

வெயில்_காலம்:
அவர்களுடைய டேட்டா சென்டரில் ஏசி உண்டு ஐயா. என் அலமாரியில் இல்லை.

கல்கண்டு_டப்பா:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஓஎஸ் டெபியன், 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்). சர்வருக்குள்ளேயும் மந்தம்தான். சூடு 38.

நாலுமுழக்_கேபிள்:
நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. டெபியன் அன்று நள்ளிரவுக்குப் பிறகு தானாகவே முழு ரெய்டையும் சரிபார்க்கும். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் செக் (அந்தச் சரிபார்ப்பு) ஓடுகிறதா? இல்லையென்றால் ஸ்மார்ட்டில் 5, 197, 199 என்று தொடங்கும் மூன்று வரிகளின் கடைசிப் பத்தி எண்களைப் போடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு வேலையாக இருக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட்டில் எந்த டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். நான்கில் ஒன்று நொண்டினால் மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருக்கும்.

கல்கண்டு_டப்பா:
செக் ஓடவில்லை, நான்கும் யு (இயங்குகிறது) என்றே காட்டுகிறது. மூன்றாவது டிஸ்க் மட்டும் 100-இல் நிற்கிறது. அதில் 5 சுழியம், 197 சுழியம், 199 மட்டும் 1,846. ஓஎஸ் பதிவான டிமெசேஜில் "லிங்க் ரீசெட்" (இணைப்பை மறுபடி தொடங்குகிறது) என்று வரிசையாக வருகிறது. புது டிஸ்க் ஆர்டர் போட்டுவிடவா?

நாலுமுழக்_கேபிள்:
போடாதீர்கள்! 199 டிஸ்க்கின் வியாதி அல்ல. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது என்று பொருள். பெரும்பாலும் சாட்டா கேபிள். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டு கெட்டிருந்தால் 5-உம் 197-உம்தான் ஏறும். அண்மையில் கேபினெட்டைத் திறந்தீர்களா?

கல்கண்டு_டப்பா:
போன வாரம் தூசி தட்டினேன். அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மொட்டைமாடி:
😂

முதுகிழவன்:
கேபிளை விடுங்கள். 4 டிபியில் ரெய்டு 5 போட்டதே தப்பு. ஒன்று போனால் மீதி மூன்றிலிருந்து 12 டிபி பிழையின்றிப் படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்க்குகளின் தாளில் 12.5 டிபி படித்தால் ஒரு பிழை என்று போட்டிருக்கிறான். இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு 6-தான் சரி.

மொட்டைமாடி:
அது "இதற்கு மேல் போகாது" என்று தயாரிப்பாளர் கொடுக்கும் எல்லைதான் ஐயா, சராசரி அல்ல. நான் மாதாமாதம் 16 டிபி முழுக்கப் படிக்க விடுகிறேன். உங்கள் கணக்குப்படி மாதம் ஒரு பிழையாவது வந்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக ஒன்றுகூட இல்லை.

முதுகிழவன்:
உங்கள் ஒரு சர்வரை வைத்து உலகத்தை அளக்காதீர்கள்.

வெயில்_காலம்:
நீங்கள்தானே என் 52 டிகிரியை அளந்தீர்கள்.

கல்கண்டு_டப்பா:
கேபிள் மாற்றினேன். 104 வருகிறது. ஆனால் 199 இன்னும் 1,846 என்றே காட்டுகிறதே?

நாலுமுழக்_கேபிள்:
அது குறையாது, டிஸ்க் உள்ளவரை அப்படியே நிற்கும். ஏறாமல் இருந்தால் போதும், இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். இன்றிரவு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை ஒன்று ஓட்டிவிடுங்கள். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அப்புறம், பையன் படங்களுக்கு வேறு எங்காவது பிரதி இருக்கிறதா?

நாலுமுழக்_கேபிள்:
கல்கண்டு, இருக்கிறீர்களா?

முதுகிழவன்:
வேகம் வந்துவிட்டது, ஆள் போய்விட்டார். மொட்டைமாடி, அந்த 16 டிபி கணக்குக்கு வருவோம்.