ஃபேட்டி லிவருக்கு எதுக்கு கிட்னி டெஸ்ட்? மெட்ஃபார்மின் சந்தேகம்

ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்று வந்திருக்கிறது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அந்த மாத்திரையைக் கல்லீரல் தொடுவதே இல்லை, அப்படியே சிறுநீரில் போய்விடும் என்கிறார்கள். அப்புறம் எதுக்கு டாக்டர் லிவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கிட்னி டெஸ்ட்களான கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் எழுதினார்?

பதில்:
முதல் காரணம் சாதாரணமானது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாக வருகிறது, சர்க்கரை, பிரஷர், எடை என்று இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் எண்) 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது, 30-45 என்றால் புதிதாகத் தொடங்க மாட்டார்கள்.

பதில்:
இன்னொன்றும் இருக்கிறது. மெட்ஃபார்மின் வடிகட்டலில் மட்டும் போவதில்லை, சிறுநீரகக் குழாய்ச் செல்கள் அதை ரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீருக்குள் தள்ளுவதுதான் பெரிய பங்கு. இழுப்பது ஓசிடி2 என்ற புரதம், தள்ளுவது மேட்1, மேட்2-கே. ஃபேட்டி லிவர் அழற்சியோடு முற்றிய நிலைக்கு நாஷ் என்று பெயர்; அந்த நிலையில் உள்ள சுண்டெலிகளின் கிட்னியில் ஓசிடி2, மேட்1 இரண்டும் மாறி, மருந்து வெளியேறுவது குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் நோய் கல்லீரலோடு நிற்கவில்லை என்பது தெரிகிறது.

பதில்:
கல்லீரல் மாற்றிவிடுகிற மருந்துகளில், நோயால் மருந்து போகும் வழி மாறுவது மனிதர்களிடமே தெரிகிறது. வலி மருந்தான மார்ஃபினைக் கல்லீரல் குளுக்குரோனைடு என்ற கழிவு வடிவமாக மாற்றும். நாஷில், அதைக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் எம்ஆர்பி3 புரதம் கூடுவதால் அது பித்தத்துக்குப் பதில் ரத்தத்துக்குள் அதிகம் வருகிறது, வெளியேற்றும் வேலை கிட்னி தலையில் விழுகிறது. பாராசிட்டமால் குளுக்குரோனைடும் இப்படித்தான், ஆனால் அதற்கு வீரியம் கிடையாது. மார்ஃபினிலிருந்து வரும் குளுக்குரோனைடுகளில் ஒன்றுக்கு வீரியம் இருக்கிறது, கிட்னி பலவீனமானால் அது தேங்கும்.

கேட்டவர்:
இஜிஎஃப்ஆர் 81 வந்திருக்கிறது. மெட்ஃபார்மினை நிறுத்தணுமா?

பதில்:
வேண்டாம், 81க்கு யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், ஃபேட்டி லிவர் மட்டும் நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்தவர்களுக்கு அந்த எண் நிஜத்தைவிட நன்றாகத் தெரியும், சந்தேகம் இருந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்த டெஸ்ட் பார்க்கச் சொல்லலாமா என்று கேளுங்கள். அப்புறம், சிறுநீர்த் தொற்றுக்கு ட்ரைமெத்தோப்ரிம் எழுதினால் மெட்ஃபார்மின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள், அது ஓசிடி2, மேட் இரண்டையும் அடைக்கிற மருந்து, மெட்ஃபார்மின் அளவும் ஏறும், கிரியாட்டினினும் ஏறும்.