செமினாரில் பாதியில் பேச்சு நின்றுபோகிறது, என்ன செய்வது?

கேள்வி: வகுப்பில் 5 நிமிட செமினார். மனப்பாடம் செய்தும், ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடுகிறது. எப்படித் தயாராவது?

பதில் 1: மனப்பாடம்தான் கோளாறே. ஒரு வரி அறுந்தால் அடுத்ததற்குப் பிடி இருக்காது. தொடக்க இரண்டு வாக்கியமும் முடிவும் மட்டும் அப்படியே மனதில் இருக்கட்டும். நடுவுக்கு ஒரு அட்டையில் நான்கைந்து சொற்கள். 5 நிமிடத்துக்கு 4 நிமிடச் சரக்கு போதும். எழுந்து நின்று, வாய்விட்டு, போனில் பதிவுசெய்து மூன்று தடவை. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது.

பதில் 2: பதற்றத்தில் வேகம் கூடி, வாக்கியத்தின் நடுவிலேயே மூச்சு தீரும். முற்றுப்புள்ளியில் நின்று மூச்சு வாங்குங்கள்; 'வந்து', 'அதாவது' என்று இழுப்பது தானாகக் குறையும்.

பதில் 3: கேள்வி நேரத்தை விட்டுவிட்டீர்களே! குறுக்கிடாமல் கேட்டு, "நீங்க கேக்கிறது இதுதானே?" என்று திருப்பிச் சொல்லுங்கள். யோசிக்க அவகாசமும் கிடைக்கும். தெரியாததை மழுப்பினால் அடுத்த கேள்வி அங்கேயே விழும்.