பிரெக்சிட்டோடு தொழிலாளர் சட்டமெல்லாம் போய்விட்டதா? தங்கச்சி வேலை செய்யும் இடத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்

உப்புவெளி_அண்ணன்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என் தங்கச்சி 2023இல் பராமரிப்பு வேலை விசாவில் இங்கிலாந்துக்குப் போனவள். வயது போன ஆட்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடும் மருந்தும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற வேலை. போன கிழமை தன் வேலை அட்டவணையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. காலை 7 மணிக்கு முதல் வீடு, இரவு 10 மணிக்குக் கடைசி வீட்டிலிருந்து வெளியே வருகிறாள், மறுநாள் திரும்பவும் 7 மணி. நடுவில் 30 நிமிடம், 45 நிமிடம் என்று துண்டு துண்டாகப் போட்டிருக்கிறார்கள். சம்பளம் அந்தத் துண்டுகளுக்கு மட்டும்தான், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போகிற நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை.

இது சரியா என்று அவள் கேட்டிருக்கிறாள். மேலாளர் சொன்ன பதில் இதுதான்: வாரத்துக்கு 48 மணி, ஓய்வு நேரம், சம்பளத்தோடு லீவு எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள், பிரித்தானியா அதிலிருந்து வெளியேறிவிட்டது (அதுதான் பிரெக்சிட்), இனி ஒப்பந்தத்தில் இருப்பது மட்டும்தான். வேலையில் சேர்ந்த அன்றே 48 மணிக்கு மேல் வேலை செய்யச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். லீவுக் காசு தனியாக இல்லை, மாதச் சம்பளத்துக்குள்ளேயே சேர்ந்திருக்கிறதாம்.

ஒரு நாடு ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால், அதற்குள் இருந்தபோது கிடைத்த உரிமைகள் அன்றைக்கே இல்லாமல் போய்விடுமா? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்குக் கேட்கவே பயம், விசா அவர்கள் கையில் இருக்கிறது.

ஓர்ஸ்ஹில்_அக்கா

தம்பி, அந்த மேலாளர் சொன்னது பச்சைப் பொய். நான் இங்கிலாந்தில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் ஆளணிப் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். இதே கதையை வேறு வேறு ஆட்களின் வாயால் அங்கேயே கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியைக் கொண்டுவந்தால், அதைத் தன் நாட்டுச் சட்டமாக எழுதிக்கொள்வது அந்தந்த நாட்டின் வேலை. வேலை நேர விதிகளும் அப்படித்தான் 1998இல் பிரித்தானியாவின் சொந்த விதிகளாக வந்தன. அதற்கு முன் இந்த 48 மணி விதியே வேண்டாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1996இல் தோற்றது, அது பழைய கதை. 2020 ஜனவரி 31இல் வெளியேறினார்கள், இடைக்காலம் அந்த வருடம் டிசம்பர் 31 வரை. சட்டத்தில் வெற்றிடம் வந்துவிடக் கூடாது என்று 2018லேயே ஒரு சட்டம் போட்டு, இருந்த விதிகளை அப்படியே உள்நாட்டுச் சட்டமாகத் தொடர வைத்தார்கள். அப்புறம் 2022இல், மிச்சமிருக்கும் ஒன்றியச் சட்டங்களை எல்லாம் 2023 முடிவோடு காலாவதியாக்குகிறோம் என்று ஒரு சட்டமூலம் வந்தது. தொழிற்சங்கங்கள் மட்டுமல்ல, முதலாளிகள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்து, கடைசியில் சுமார் 600 விதிகளை மட்டும் நீக்கினார்கள். வேலை நேர விதிகள் அந்தப் பட்டியலில் போகவில்லை, இன்றைக்கும் சட்டம்தான்.

இப்போது தங்கச்சியின் அட்டவணைக்கு வருவோம். இரவு 10 மணிக்கு முடித்து மறுநாள் காலை 7 மணிக்குத் தொடங்கினால் இடையில் 9 மணித்தியாலம். சட்டம் கேட்பது தொடர்ச்சியாக 11. பராமரிப்பு வேலைக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் அப்படிக் குறைத்த ஓய்வைப் பிறகு ஈடுசெய்து கொடுக்க வேண்டும், அதைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். பஸ் நேரம் இன்னும் பெரிய விஷயம். ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் 1998இல் பிரித்தானியா தானாகவே போட்டது, ஐரோப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேலைக்காக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரம் அந்தக் கணக்கில் வேலை நேரம், தன் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவது மட்டும்தான் சேராது. அந்த மாதம் கிடைத்த சம்பளத்தைப் பயண நேரத்தையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள், 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் ஆக்கினார்கள், அதற்குக் கீழே வந்தால் அவர்கள் சட்டத்தை மீறுகிறார்கள். இந்தத் தொகை ஒவ்வொரு ஏப்ரலும் மாறும், அந்தந்தக் காலத்தின் தொகையோடு ஒப்பிடுங்கள்.

கையெழுத்து வாங்கிய தாள் பிரெக்சிட்டால் வந்ததல்ல. ஒன்றியத்துக்குள் இருந்தபோதே பிரித்தானியா கேட்டு வாங்கிக்கொண்ட விலக்கு அது. 48 என்பது 17 கிழமைகளின் சராசரி. கையெழுத்துப் போட்டவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் அறிவித்து அந்தச் சம்மதத்திலிருந்து விலகலாம், பொதுவாக 7 நாள் முன்னறிவித்தல் போதும், தாளில் கூடுதலாக எழுதியிருந்தாலும் 3 மாதத்தைத் தாண்ட முடியாது. விலகியதற்காகத் தண்டிக்கவும் முடியாது.

லீவு: ஐரோப்பா கேட்டது வருடத்துக்கு 4 கிழமை, பிரித்தானியா கொடுப்பது 5.6 கிழமை. வெளியேறியதால் அது குறையவில்லை. ஆனால் இங்கே ஒரு மாற்றம் உண்மையிலேயே வந்தது. லீவுக் காசைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒழுங்கான மணிக்கணக்கு இல்லாத வேலையாட்களுக்கு அப்படிச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று, 2024 ஏப்ரல் 1இலோ அதற்குப் பிறகோ தொடங்கும் லீவு வருடங்களுக்குப் பிரித்தானியா மாற்றிவிட்டது. அதற்கும் நிபந்தனை உண்டு, சம்பளத்தில் 12.07 வீதம் கொடுத்து, சம்பளச் சிட்டையில் தனி வரியாகக் காட்ட வேண்டும். தங்கச்சியின் சிட்டையில் அந்த வரி இருக்கிறதா? இல்லாவிட்டால் "உள்ளே இருக்கிறது" என்ற பேச்சு செல்லாது.

கொட்பே_வியாபாரி

அக்கா தொழிலாளர் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் வியாபாரப் பக்கத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் "வெளியேறினால் விதிகள் குறையும்" என்ற அதே கதையை எங்களுக்கும் சொன்னார்கள். எங்களுக்கு விதிகள் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

சூரை மீன் ஏற்றுமதியில் இருக்கிறவர்களுக்கு 2015 மறக்காது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டு, 2016 ஜூனில்தான் எடுத்தது. பலநாள் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி, படகோட்டி எழுதும் பதிவுப் புத்தகம், எந்தப் படகு எந்தக் கடலில் பிடித்தது என்ற சான்றிதழ், இதெல்லாம் அந்த அடியில் இறுகியவை. அப்போது லண்டனுக்குப் போகிற பெட்டிக்கும் பாரிசுக்குப் போகிற பெட்டிக்கும் ஒரே சட்டம், ஒரு துறைமுகத்தில் சோதனை முடிந்தால் மற்ற நாட்டுக்குத் தடையில்லாமல் போகும். 2021இல் இருந்து அந்த வழி அடைபட்டது. பிரித்தானியா அதே விதிகளைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது, ஆகவே சான்றிதழ் பிரித்தானியாவுக்கும் வேண்டும், ஐரோப்பாவுக்கும் வேண்டும், எல்லையில் சோதனை தனித்தனி, தீர்வைச் சலுகையும் தனித்தனி. ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்போது ஒரு தாளில் ஒரு எழுத்துப் பிழைத்தால் என்ன நட்டம் வரும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பிரித்தானியாவில் உள்ள தொழிற்சாலைக்காரர்களுக்கும் இதுதான் நடந்தது. ஐரோப்பியத் தரக் குறியீட்டை விட்டுவிட்டுச் சொந்தக் குறியீடு கொண்டுவருகிறோம் என்றார்கள், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து 2023இல் பல பொருட்களுக்கு ஐரோப்பியக் குறியீட்டையே காலவரையறை இல்லாமல் ஏற்கிறோம் என்று அறிவித்தார்கள்.

இன்னொரு விஷயம், இது எங்கள் ஊரில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளைத் தொடுகிறது. ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதித் தீர்வைச் சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017 மே மாதம் திரும்பப் பெற்றது. அது கிடைக்க வேண்டுமானால் மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல் என்று 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும், வந்து பார்ப்பார்கள். பிரித்தானியா 2023 ஜூனில் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்த முன்நிபந்தனையை எடுத்துவிட்டது. பாரதூரமான உரிமை மீறல் நடந்தால் சலுகையை நிறுத்த அதிகாரம் வைத்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே நுழைய அந்த உடன்படிக்கைகள் தேவையில்லை. ஏற்றுமதி செய்கிறவனாக எனக்கு அது இலகுதான். ஆனாலும் தொழிற்சங்கம் வைக்க முடியாமல் கஷ்டப்படுகிற தொழிலாளிக்கு, வெளியிலிருந்து கேள்வி கேட்க இருந்த இரண்டு இடங்களில் ஒன்று பலவீனமாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மூதூர்_தம்பி

அக்கா சொன்ன சட்டமெல்லாம் சரி, ஆனால் யார் அதைக் கேட்கப் போகிறார்கள்? ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் போலந்து, ருமேனியாவில் இருந்து வந்த ஒரு பெண் இந்த அட்டவணையைக் கண்டால் வேலையை விட்டுவிட்டு மறுநாளே பக்கத்துத் தெருவில் வேறு இடத்தில் சேருவாள், அவளுக்கு விசாவே தேவையில்லை. 2020 முடிவோடு அந்தச் சுதந்திர நடமாட்டம் நின்றது, பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைக்காமல் 2022 பெப்ரவரியில் அந்த வேலையை விசாப் பட்டியலில் சேர்த்தார்கள், எங்கள் பிள்ளைகள் போனார்கள். வேலை அதேதான், ஆனால் போகிற ஆள் முதலாளியோடு கட்டிப் போடப்பட்ட ஆள். விசாவுக்காக முதலாளி கொடுக்கும் அனுசரணை போனால் பொதுவாக 60 நாள் தருவார்கள், அதற்குள் புது முதலாளி, இல்லாவிட்டால் வீடு. 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிப் போவதை நிறுத்தினார்கள், 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தால் இனி அந்த வழியால் போக முடியாது என்று தெரிந்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்? சட்டப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறாமலே உரிமை குறைந்தது இந்த இடத்தில்தான். அதை யாரும் பேசுவதில்லை.

உப்புவெளி_அண்ணன்

எல்லோருக்கும் நன்றி. மூதூர் தம்பி எழுதியதுதான் அவளுடைய நிலைமை. சம்பளச் சிட்டையை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், அக்கா சொன்ன லீவு வரி அதில் இல்லை, மொத்த மணியும் ஒரு தொகையும்தான். அக்கா, விசாவுக்குப் பாதிப்பு வராமல் அவள் முதலில் என்ன செய்யலாம்? வேலை நேரப் பதிவைக் கேட்டால் தாங்கள் தினமும் பதிவு வைக்கத் தேவையில்லை என்கிறார்களாம், அதுவும் பொய்யா?

ஓர்ஸ்ஹில்_அக்கா

அது பாதி உண்மை தம்பி. ஒவ்வொருவரின் தினசரி வேலை நேரத்தையும் அளந்து பதிய வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொன்னது, 2024 ஜனவரியில் இருந்து பிரித்தானியா அந்தக் கடமையைத் தளர்த்திவிட்டது. ஆனால் ஆகக்குறைந்த சம்பளம் கொடுத்ததைக் காட்டப் போதுமான பதிவு வைத்திருக்க வேண்டிய கடமை தனியாக இருக்கிறது, அதை யாரும் தளர்த்தவில்லை. தன்னுடைய சம்பளப் பதிவைப் பார்க்க அவள் எழுத்தில் கேட்கலாம்.

அதற்கு முன் அவள் தன் கையாலேயே எழுதத் தொடங்கட்டும். ஒரு சின்னக் கொப்பியில் திகதி, எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள், பஸ்ஸில் எவ்வளவு நேரம். வீட்டுக்காரரின் பெயர் வேண்டாம், முதல் எழுத்துப் போதும். பஸ் கார்டின் பதிவு, அட்டவணைப் படங்கள், மேலாளரின் செய்திகள் எல்லாவற்றையும் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கட்டும், வேலை போனை நம்ப வேண்டாம், அது ஒரு நாள் திடீரென்று வேலை செய்யாமல் போகும்.

ஏகாஸ் (Acas) என்ற அரச அமைப்புக்கு போன் பண்ணி இலவசமாக ஆலோசனை கேட்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. குறைந்த சம்பளம் பற்றி அந்நாட்டு அரசாங்கத்திடம் முறைப்பாடு கொடுக்கலாம், பெயர் வெளியே போகாமல் கொடுக்கவும் வழி இருக்கிறது. தொழில் நியாயசபைக்குப் போவதென்றால் முதலில் ஏகாஸ் ஊடாகத்தான், காலக்கெடு பெரும்பாலும் சம்பவ நாளிலிருந்து 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் அதை 6 மாதமாக்க வழி செய்திருக்கிறது, ஆனால் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

விசா விஷயத்தில் ஒன்று செய்யலாம். இங்கிலாந்தில் ஏற்கனவே இருக்கிற, வேலை இழந்த பராமரிப்பு ஊழியர்களை முதலில் எடுக்கப் பார்க்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு நிபந்தனை வைத்தார்கள், அங்கே உள்ளவர்கள் முதலாளியை மாற்றும் வழி 2028 ஜூலை வரை திறந்திருக்கிறது. அதனால் முறைப்பாடு எழுதுவதற்கு முன்பே புது அனுசரணையாளரைத் தேடத் தொடங்கச் சொல்லுங்கள், இப்போதைய இடத்தில் வாய் திறக்க வேண்டாம். புது இடத்தில் அனுசரணைச் சான்றிதழுக்கு அல்லது உரிமத்துக்கு என்று அவளிடம் காசு கேட்டால் அந்த இடமும் வேண்டாம், 2024 டிசம்பர் 31இல் இருந்து வழங்கும் சான்றிதழ்களுக்கு அந்தச் செலவை ஊழியர் தலையில் போட முதலாளிக்கு அனுமதி இல்லை.

சிட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு எனக்குத் தனிச் செய்தியில் போடுங்கள், பயண நேரத்தோடு சேர்த்து மணிக்கு எவ்வளவு வருகிறது என்று நான் கணக்குப் பார்த்துத் தருகிறேன்.