சன்னல்ல உட்கார்ந்திருந்த பூனை திடீர்னு கையைக் கடிச்சிருச்சு, ஏனுங்க?

மஞ்சக்காடு (கோபி பக்கம்):
வணக்கமுங்க. 3 வயசுக் கடுவன் பூனை, இன்னும் காயடிக்கல. பகல்ல பொடக்காலி, தோட்டம்னு சுத்திட்டு பொழுதோட வீட்டுக்கு வந்துரும். ரேபிஸ் ஊசி குட்டியா இருக்கையில போட்டதோட சரி. முந்தாநேத்து பொழுது சாயற நேரம் ஆசாரத்துச் சன்னல்ல உட்கார்ந்து வெளியே பார்த்துட்டிருந்துச்சு. அம்மா தூக்கலாம்னு கையை நீட்டுனாங்க. ஒரே உறுமல், முன்னங்கையில கடிச்சு, இறங்கி ஓடறப்ப கெண்டைக்கால்லயும் பிறாண்டிருச்சு. ரெண்டு பல்லு ஆழமா எறங்கியிருக்கு. மஞ்சப்பொடி வெச்சுருக்குது. அப்போலருந்து பூனை கட்டிலுக்கடியிலதான். ஆரு கிட்ட போனாலும் சீறுது. ராத்திரி சோறு மட்டும் தின்னுருது. வெறி புடிச்சிருக்குமோன்னு பயமா இருக்குதுங்க. தொரத்தி உட்ரச் சொல்றாங்க வீட்டுல.

நொய்யல்கரை:
பூனையை அப்புறம் பார்க்கலாங்க, முதல்ல அம்மா கை. ரெண்டு நாள் ஆயிட்டாலும் பரவாயில்லை, இப்பவே மஞ்சப்பொடியைக் கழுவி எடுத்துட்டு, குழாய்த் தண்ணியைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவச் சொல்லுங்க. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவோணும், ரெண்டு நிமிசத்துல கை எடுத்துரக் கூடாது. பிறகு பொவிடோன் அயோடின்ங்கற கிருமி கொல்லி மருந்தைத் தடவுங்க. சுண்ணாம்பு, மிளகாப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

இன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆசுபத்திரிக்கோ போங்க. பல் தோலைத் தாண்டி எறங்குன கடி மூணாம் வகைக் கடி. அதுக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுத்திப் போடற இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கற தயார் எதிர்ப்பு மருந்து) வேணும். முதல் தடுப்பூசி போட்ட நாள்லயே அதைப் போட்டுடறது நல்லது. அன்னைக்குக் கிடைக்கலைன்னா 7 நாளுக்குள்ள போட்டாகோணும். முதல் ஊசி போடற நாளை 0ன்னு வெச்சா, தடுப்பூசி தோலுக்குள்ள போடற முறைன்னா 0, 3, 7, 28ம் நாள். தசையில போடறதுன்னா 0, 3, 7, 14, 28. ரெண்டு முறையும் கைமேல் தசைப் பக்கம்தான், இடுப்புல போடக் கூடாது. டெட்டனஸ் ஊசியும் கேளுங்க.

பூனைப் பல் ஊசி மாதிரி. மேல ரெண்டு புள்ளிதான் தெரியும், கிருமி உள்ள அடியில போய் உட்கார்ந்திருக்கும். அதனாலதான் நாய்க்கடியை விட பூனைக்கடி சீக்கிரம் சீழ் வைக்கும். கை சிவந்து வீங்கி, தொட்டாச் சூடா இருந்தாலோ, விரலை மடக்க முடியலைன்னாலோ மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. சின்ன ஓட்டைதானேன்னு தையல் போடச் சொல்லியும் கேக்காதீங்க, அழுக்கை உள்ள வெச்சு மூடுன மாதிரி ஆயிரும்.

பூனையைத் தயவுசெஞ்சு தொரத்தாதீங்க. கடிச்ச நாள்லருந்து 10 நாள் அது கண்முன்னாடி இருக்கோணும். வெறி இருந்து எச்சில்ல கிருமி வந்திருந்தா, அந்தப் பத்து நாளுக்குள்ள நோய் முகம் காட்டிரும்: குரல் மாறும், எச்சில் ஒழுகும், தாடை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும், நாளுக்கு நாள் மோசமாகும். தண்ணியைக் காட்டிப் பயப்படுதான்னு பார்க்கறது வேலைக்காகாது, அது மனுசனுக்கு வர்ற அறிகுறி. ஒளிஞ்சிருந்து சோறு தின்னுது, நிலைமை மோசமாகலைங்கறது கொஞ்சம் தைரியம் தர்ற சேதிதான். ஆனா அதை நம்பி ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம். பத்து நாள் கழிச்சுப் பூனை நல்லா இருந்தா மிச்ச ஊசியை டாக்டர் முடிவு பண்ணுவாரு.

வாய்க்கால்மேடு:
ஊசி விசயம் அவரு சொன்னதுதான். பூனை பக்கத்துக்கு வர்றேன்.

நீங்க எழுதுனதுல எனக்குப் பட்டது ‘சன்னல்’. சன்னல்ல பூனை சும்மா வேடிக்கை பார்க்கலீங்க. வெளிய வேற பூனையோ நாயோ வந்து நின்னிருக்கோணும். எதிரி அங்க, கம்பி குறுக்கே. சண்டைக்கு உடம்பு முறுக்கேறிருச்சு, போய் அடிக்க வழி இல்லை. அந்த நேரம் பக்கத்துல எது வந்தாலும் அடி அதுக்கு விழும். பூனைக்கு அப்ப அது அம்மா கைன்னே தெரியாது. மனுசருக்குத்தான் இது காரணமில்லாம வந்த மாதிரித் தெரியும்.

இந்த முறுக்கு அஞ்சு நிமிசத்துல இறங்காது. சில பூனைக்குப் பல மணி நேரம், சிலதுக்கு ஒண்ணு ரெண்டு நாள்கூட ஆகும். நடுவுல சமாதானப்படுத்தறோம்னு கையை விட்டா மறுபடியும் கடிதான். தொடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க: கண்மணி கருகருன்னு விரிஞ்சிருக்கும், காது பக்கவாட்டுல மடங்கும், வால் நுனி சுண்டிச் சுண்டி அடிக்கும், முதுகுத் தோல் அலையடிக்கும். இதுல ஒண்ணு இருந்தாலும் கையை எடுத்துருங்க.

கடிச்ச அன்னைக்கு வெளிய என்ன இருந்துச்சுன்னு அம்மாகிட்டக் கேளுங்க. மூத்திர வாடை எங்காவது அடிக்குதா? பூனை உடம்புல ஏதாவது இடத்தை நக்கிட்டே இருக்குதா?

கரட்டுமேடு:
ஒரு போசித் தண்ணியை மேல ஊத்தி சீமாறுல ரெண்டு வெச்சா அடங்கிரும். ஒருநாள் சோத்தை நிறுத்துங்க.

வாய்க்கால்மேடு:
அது வேண்டாங்க. பயத்துல பதுங்கியிருக்கறதை அடிச்சா, சீறாம நேரா கடிக்கப் பழகிரும். சீறல்ங்கறது அது தர்ற எச்சரிக்கை, அதைக் கெடுத்துறக் கூடாது. பட்டினி போடறது இன்னும் ஆபத்து. ரெண்டு மூணு நாள் தின்னாமப் போனா, அதுலயும் பருத்த பூனைன்னா, கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாயிரும்.

மஞ்சக்காடு:
ஊசி போட்டாச்சுங்க, காயத்தைச் சுத்தியும் போட்டாங்க. ரொம்ப நன்றி. அம்மாகிட்டக் கேட்டேன், மதில் மேல ஒரு சாம்பல் கடுவன் நின்னுச்சாம். பத்துப் பதினஞ்சு நாளா ராத்திரியில வந்து கத்துது. வாசப்படியில வாடை அடிக்குது. பினாயில் ஊத்திக் கழுவறோம். நம்மது இடது பின்னந்தொடையை நக்கிட்டே இருக்குதுங்க, அந்தக் காலைக் கொஞ்சம் தாங்கி நடக்குது.

கட்டுத்தறை:
அந்தத் தொடைதான் மீதிக் கதை. கடுவனும் கடுவனும் சண்டை போட்டா பல் குத்துன ஓட்டை ஒரு நாள்ல மேல மூடிக்கும், உள்ள சீழ் கோத்துக்கும். ரெண்டுலருந்து அஞ்சு நாள்ல எலுமிச்சங்காய் மாதிரி வீங்கும், காய்ச்சலும் வரும். பூனைக்கு உடம்புச் சூடு 38லருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சாதாரணம், அதுக்கு மேல போனா காய்ச்சல். தூக்கறப்ப கை அங்க பட்டா எந்தப் பூனையும் கடிக்கும். உங்க பூனைக்கு எதிரியும் கண்ணுக்கு முன்னாடி, வலியும் உடம்புல. ரெண்டும் சேர்ந்துதான் அந்தக் கடி வந்திருக்கும்.

நீங்களே அமுக்கிப் பார்க்காதீங்க, கால்நடை மருத்துவர் கீறிச் சீழை எடுத்து ஆன்டிபயாடிக் கொடுக்கோணும். உள்ளூர்ல பார்க்க ஆள் இல்லைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். உள்ள போனதும் முதல் வார்த்தையா, மனுசரைக் கடிச்ச பூனை, இத்தனாவது நாள்னு சொல்லிருங்க, அவங்க கையுறையோட தயாரா இருப்பாங்க. கொண்டுபோறதுக்கு மேல்மூடி திறக்கற கூடை நல்லது. கெட்டித் துண்டை மேல போட்டு, துண்டோட சேர்த்து எடுத்து உள்ள வைங்க.

வலிக்குதேன்னு பாராசிட்டமால் மாத்திரை மட்டும் கொடுத்துறாதீங்க. அரை மாத்திரை போதும் பூனை செத்துப் போக. மாட்டுக்கு உண்ணிக்கு அடிக்கற டெல்டாமெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவறவங்க நம்ம பக்கம் நிறையப் பேர். அது பட்டா நடுக்கம், வலிப்பு வரும், அந்த எரிச்சல்லயும் கடிக்கும். பினாயிலும் பூனைக்கு விசம், பாதத்துல ஒட்டுனதை நக்கி உள்ள தள்ளிக்கும். அதுபோக வாடையும் போகாது. என்சைம் இருக்கற துணி சோப்புத்தூளை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து வாசப்படியைத் தேய்ச்சுக் கழுவி, காஞ்சதும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் துடைங்க.

இன்னொண்ணு, கடுவனுங்கறதால சொல்றேன். அடிக்கடி குத்தவெச்சு முக்கி, மூத்திரம் வராமக் கத்துனா அது அடைப்பு. அன்னைக்கே ஓடோணும். நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டா பொழைக்காது.

வாய்க்கால்மேடு:
மீதி நாளுக்கு இப்படிப் பண்ணுங்க. ஒரு அறை அதுக்குன்னே ஒதுக்கிருங்க, சன்னல் இல்லாட்டி ரொம்ப நல்லது. தண்ணி ஒரு மூலை, சோறு அந்தத் தண்ணிக்குக் கொஞ்சம் தள்ளி, மண் நிரப்புன தட்டு எதிர்மூலை, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி. வெளிச்சம் கம்மியா. நீங்க உள்ள போனா பார்க்காம, பேசாம வட்டலை வெச்சுட்டு வந்துருங்க. அதுவா வந்து காலை உரசற வரைக்கும் கை நீட்ட வேண்டாம். முதல்ல கன்னத்துல மட்டும் மூணு தடவு, நிறுத்துங்க. வயித்தையும் வால் அடியையும் தொடாதீங்க.

ஆசாரத்துச் சன்னல்ல கீழ்ப்பாதி மூணடிக்கு நியூஸ் பேப்பர் ஒட்டிருங்க. மதில் ஓரமா மீன் கழிவு, மிச்சச் சோறு கொட்டறதா இருந்தா நிறுத்துங்க, சாம்பல் கடுவன் அதுக்கும் வந்து நிக்கும். வளந்த பூனைக்கு வேட்டை நேரம் பொழுது சாயறதும் விடியக்காலமும்தான். தேறுனதுக்கு அப்புறம் அந்த நேரத்துல குச்சியில கட்டுன துணியை இழுத்துப் பத்து நிமிசம் ஓட விட்டு, உடனே சோறு வைங்க. கையை ஆட்டி விளையாட்டுக் காட்டறது கூடவே கூடாது.

மஞ்சக்காடு:
காயடிக்கறதும் ரேபிஸ் ஊசியும் சீழ் எடுக்கறப்பவே முடிச்சுக்கலாமுங்களா?

கட்டுத்தறை:
இப்ப வேண்டாங்க. பத்து நாள் கணக்கு ஓடறப்ப பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டா, ஊசியால சோர்ந்து கிடக்குதா நோயால கிடக்குதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. 11ம் நாள் தடுப்பூசி, அப்புறம் வருசா வருசம். காயம் ஆறி, காய்ச்சல் போய், நல்லாத் தின்ன ஆரம்பிச்சதும் காயடிச்சுக்கலாம். ஆபரேசன் முடிஞ்சு சுத்தறதும் சண்டையும் குறைய சில வாரம் ஆகும், அதுவரைக்கும் ராத்திரியில வெளிய விடாதீங்க. அந்தச் சாம்பல் கடுவன் ஆரு வீட்டுதுன்னும் விசாரிங்க, ரெண்டையும் சேர்த்தே கொண்டுபோறது நல்லதுங்க.