சிங்க்குக்கு அடியில் சமையல் கழிவை அரைக்கும் டிஸ்போசர் மாட்டலாமா? (இரண்டாவது மாடி, செப்டிக் டேங்க்)

மேடவாக்கம்வாசி:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மேடவாக்கத்தில் 12 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட். நாங்கள் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான், கணவர், பள்ளிக்குப் போகும் பையன், 71 வயது மாமியார். குப்பை வண்டி காலை ஏழு மணி வாக்கில் வரும். சரியாக அப்போதுதான் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டும் அவசரம். நான் விட்டுவிட்டால் அத்தை வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார். போன மாதம் கடைசிப் படியில் கால் இடறி, முட்டி வீங்கிப் பத்து நாள் படுத்திருந்தார். அதிலிருந்து காலையில் குப்பை வண்டியின் விசில் சத்தம் கேட்டாலே எனக்குப் பதறுகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சிங்க்கில் தண்ணீர் இறங்குவதில்லை. பாத்திரம் கழுவி முடிக்கும்போது நாலு விரல் உயரம் நிற்கும், அப்புறம் 'களக் களக்' என்று சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகும். பார்க்க வந்த ஒருவர், "ஒரு டிஸ்போசர் மாட்டிடுங்க மேடம், எல்லாத்தையும் கூழா அரைச்சுத் தள்ளிடும், அடைப்பே வராது" என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் போலத் தோன்றியது. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் அடுத்த மாதம் வரும்போது அங்கிருந்தே ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார்.

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. கட்டடத்துக்கு செப்டிக் டேங்க்தான், நிறைந்தால் லாரி வரும். மாட்டலாமா, வேண்டாமா?

குழாய்வேலை25:

தங்கச்சி, 25 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மிஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நாத்தனாருக்குப் போன் போட்டு "வாங்க வேண்டாம், பொறுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்போசர் உட்காருவது சிங்க் ஓட்டைக்கு நேர் கீழே. அடைப்பு இருப்பது அதற்கும் கீழே, குழாயில். மிஷின் தன் வயிற்றுக்குள் விழுந்ததைத்தான் அரைக்கும், தனக்குப் பின்னால் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்யாது. அடைத்த குழாய்க்குள் கூழைத் தள்ளினால் என்ன ஆகும்? இன்றைக்குத் தண்ணீர் நிற்கும் இடத்தில் நாளைக்குக் கூழ் நிற்கும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்: சிங்க்குக்குக் கீழே பாட்டில் ட்ராப் (கசடு தங்குகிற, குடுவை மாதிரியான கிண்ணம்) இருக்கிறதா, அல்லது நெளிநெளியான வேஸ்ட் பைப் நேராகத் தரைக்குள் போகிறதா? குழாய் எத்தனை அங்குலம்? சிங்க் ஓட்டையின் விட்டம் என்ன? அடுக்களைத் தண்ணீர் கீழே எந்த சேம்பரில் (தரையில் மூடி போட்ட கழிவுநீர்க் குழியில்) விழுகிறது? அந்த சேம்பர் மூடியைத் திறந்து எவ்வளவு நாளாயிற்று?

பாட்டில் ட்ராப் இருந்தால் அடியில் ஒரு வாளியை வையுங்கள், கீழ்க் கிண்ணத்தைக் கையாலேயே திருகலாம். ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். திறக்கும்போது கையில் வழியும்.

ஹூஸ்டன்தமிழன்:

அக்கா, எங்கள் வீட்டில் எட்டு வருடமாக டிஸ்போசர் இருக்கிறது. எனக்கு அது பிடித்த சாதனம். ஆனாலும் இங்கிருந்து அங்கே கொண்டுபோவது வீண் செலவு. இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாமே என்பார்கள். வோல்ட் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் ஏறும். வாரன்டியும் அங்கே செல்லாது. வாங்குவதென்றால் இந்தியாவுக்கென்று 230 வோல்ட்டில் விற்பதை அங்கேயே வாங்குங்கள்.

"எல்லாத்தையும் அரைக்கும்" என்று சொன்னாராமே, அது சரியில்லை. உள்ளே மிக்ஸி மாதிரி பிளேடு கிடையாது. ஒரு தட்டு சுழலும், அதில் இரண்டு குட்டி உலோகக் கட்டைகள் இருக்கும். விழுவதையெல்லாம் அவை சுற்றுச்சுவரில் இருக்கும் பல்வளையத்தின் மேல் அடித்து அடித்துத் தேய்க்கும். தேங்காய் துருவுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கேரட், ஆப்பிள், மிச்சம் வைத்த காய்கறி எல்லாம் நன்றாக அரைபடும். நார் அரைபடாது, சுற்றிக்கொள்ளும்.

அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு நாள் வாழைப்பூ ஆய்ந்த கள்ளனையும், வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுத்த நாரையும் மொத்தமாக உள்ளே போட்டுவிட்டார். 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு நின்றுபோனது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடியில் நடுவே இருக்கும் குழியில் அறுகோணச் சாவியை விட்டு முன்னும் பின்னும் திருகி, இடுக்கியால் இழுத்தேன். சடைப்பின்னல் மாதிரி முக்கால் முழம் நார் வந்தது. அப்புறம் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், ஓடியது. கையை மட்டும் உள்ளே விடவே கூடாது.

நம் சமையலில் கழிவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். முருங்கைக்காய் சக்கை, புளிச் சக்கை, தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயச் சருகு, வாழைத்தோல். பாதிக்கு மேல் நார். சோறு அரைபட்டுவிடும், ஆனால் குழாய்க்குள் போய்ப் பசையாகப் படியும். எண்ணெய் சொல்லவே வேண்டாம்.

இந்த சாதனத்தை 1927-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக்கலைஞர் உருவாக்கினார். ஆனால் சாக்கடைக்குப் பயந்து நியூயார்க் நகரமே பல பகுதிகளில் இதைத் தடைசெய்து வைத்திருந்து, 1997-இல்தான் அனுமதித்தது. என் வீடு நகரச் சாக்கடையில் சேர்ந்தது, கவலையில்லை. செப்டிக் டேங்க் உள்ள நண்பர்கள் பலர் இங்கேயே மாட்டுவதில்லை.

அண்ணாநகர்மாமி:

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். தனி வீடு, மெட்ரோ வாட்டர் சாக்கடை இணைப்பு. மூன்று வருஷமாக வைத்திருக்கிறோம், ஒரு குறையும் இல்லை. நார், எலும்பு, எண்ணெய் போடுவதில்லை. அரைப்பதற்கு முன்னாலும் பின்னாலும் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடுவோம். வெந்நீர் விட்டால் கொழுப்பு உருகிப் போய்க் குழாயில் தூரத்தில் உறைந்துவிடும் என்று மாட்ட வந்தவரே சொன்னார். ஆனால் ஒன்று, காய்கறித் தோலுக்கு நாங்கள் இன்னமும் பச்சை வாளிதான் வைத்திருக்கிறோம். மிஷின் வந்ததால் வாளி போகவில்லை.

தரைத்தளம்:

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் வேறொரு ஊரில், நாலு மாடிக் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறோம். மேலே நாலு அடுக்களைகளின் தண்ணீரும் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்கி எங்கள் பின்கட்டில் இருக்கும் சேம்பருக்குப் போகும்.

மேல் வீட்டில் ஒருவர் டிஸ்போசர் மாட்டினார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஏழெட்டு மாதம் ஒன்றும் இல்லை. கார்த்திகைக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் அடுக்களைத் தரையில் தண்ணீர் வடிவதற்காக இருக்கும் நஹானி ட்ராப் பொங்கியது. மேலே அவர்கள் குழாயைத் திறக்கத் திறக்க, இங்கே அதன் சல்லடை மூடி வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது. மாவு மாதிரி, சாம்பல் நிறத்தில், மேலே எண்ணெய் மிதக்க. அரிசி டின்னுக்கு அடியில் போய்விட்டது. பூஜைக்கு எடுத்து வைத்த அகல் விளக்குகள் தரையில்தான் இருந்தன. நானும் மகளும் முறத்தால் அள்ளினோம். மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டியபோது அவர்களுக்கு விஷயமே புரியவில்லை. அவர்கள் சிங்க்கில்தான் தண்ணீர் ஜோராக இறங்கியதே!

அதுதான் நான் சொல்ல வந்தது. மாட்டுகிறவர் வீட்டில் அடைக்காது. கீழே இருப்பவர் வீட்டில்தான் அடைக்கும். உங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள் அம்மா.

மேடவாக்கம்வாசி:

தரைத்தளத்தில் இருப்பவருக்கு மனம் வருந்திச் சொல்கிறேன், எனக்கு இந்தக் கோணமே தோன்றவில்லை. எங்கள் கீழ் வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருக்கிறாள்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன். பாட்டில் ட்ராப்தான், அதிலிருந்து ஒன்றேகால் அங்குல நெளிகுழாய். சிங்க் ஓட்டை 90 மில்லிமீட்டர். வாளியை வைத்துக் கிண்ணத்தைத் திருகினேன். உள்ளே இருந்தது புளிச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, சோற்றுப் பருக்கை எல்லாம் சேர்ந்த ஓர் உருண்டை. கொழுக்கட்டை அளவு இருந்தது, மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் பூச்சு. நெளிகுழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் அதே மெழுகு. பால்கனியில் வைத்து வெந்நீரும் பழைய பாட்டில் பிரஷும் போட்டுத் தேய்த்து மாட்டினேன். இப்போது தண்ணீர் பாதி வேகத்தில் இறங்குகிறது. முழு வேகம் இன்னும் வரவில்லை.

கணவர் வாட்ச்மேனோடு போய் சேம்பர் மூடியை நெம்பித் திறந்தார். மேலே கையகலத்துக்கு எண்ணெய் ஆடை கட்டியிருந்ததாம். கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று அசோசியேஷனில் யாருக்கும் தெரியவில்லை.

குழாய்வேலை25:

நல்ல காரியம் செய்தீர்கள். உங்கள் நோய் இப்போது தெரிந்துவிட்டது. பாதி அந்த உருண்டை, மீதி அந்த சேம்பர். சேம்பரைச் சுத்தம் செய்யாமல் முழு வேகம் வராது.

உங்கள் சிங்க் ஓட்டைக்கு டிஸ்போசர் பொருந்தும், அதன் அளவே மூன்றரை அங்குலம்தான். ஆனால் குழாய் பொருந்தாது. மிஷினிலிருந்து கழிவு வெளியேறும் வாய் ஒன்றரை அங்குலம். உள்பக்கம் வழவழப்பான பி.வி.சி. குழாய் வேண்டும், நெளிகுழாய் ஆகவே ஆகாது, அந்த மடிப்பில் என்ன படிகிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். மிஷின் உட்கார்ந்தால் அந்த வாய் தாழ்ந்துவிடும், சுவருக்குள் போகும் குழாய் அதைவிடக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவரை உடைக்க வேண்டும். எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட்டும் வேண்டும். இத்தனையும் செய்தாலும் போய்ச் சேர்வது செப்டிக் டேங்க்.

அந்தத் தொட்டி வேலை செய்கிற விதம் இதுதான்: கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெய் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் இருக்கும் தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியேறும். பாக்டீரியா சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். 12 வீட்டுக் கழிவுக்குக் கட்டிய தொட்டியில் சமையல் கழிவையும் அரைத்து ஊற்றினால் சேறும் ஏறும், ஆடையும் தடிக்கும், லாரி அடிக்கடி வர வேண்டியிருக்கும். அந்தக் காசு 12 வீடும் சேர்ந்து கொடுப்பது. ஆகவே உங்கள் கட்டடத்துக்கு வேண்டாம். மாட்டிக் கொடுத்தால் எனக்குக் கூலி வரும், இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சேம்பர் வேலைக்கு ஆளை உள்ளே இறக்க யாரையும் விடாதீர்கள். மேலிருந்தே அள்ளலாம், இல்லையென்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் ஜெட் இயந்திரம் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அதற்குள் இருக்கும் வாயு உயிரை எடுத்துவிடும். இதில் எனக்குத் தெரிந்தவனைப் பறிகொடுத்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்:

சிங்க் விஷயம் தீர்ந்தது. ஆனால் தோழி கேட்டதே அத்தை படி இறங்கக் கூடாது என்பதுதானே? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

தெருப்பக்கம் பால்கனி இருந்தால் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். எங்கள் அம்மா மூன்றாவது மாடியிலிருந்து கீரை வாங்குவதே அப்படித்தான். மூடி போட்ட சின்ன வாளி, காதில் ஒரு கொக்கி. தூய்மைக் காவலர் அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாளியைக் கொட்டிவிட்டு மாட்டிவிடுவார்.

இன்னும் நல்லது, தினமும் இறக்க வேண்டிய தேவையையே குறைப்பது. பக்கவாட்டில் துளை போட்ட மண்பானை இரண்டு வாங்குங்கள். அடியில் காய்ந்த இலையோ தென்னைநார்த் தூளோ ஒரு படுகை. அதன் மேல் அன்றன்றைய காய்கறித் தோல், டீத்தூள், வாடின பூ. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கைப்பிடி தென்னைநார்த் தூள். முதல் வாரம் ஒரு கரண்டி புளித்த மோர் தெளியுங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சமைத்த சோறும் குழம்பும் வேண்டாம். ஈரம் அதிகமானால்தான் நாற்றமும் புழுவும், அப்போது தூளை இன்னும் கொஞ்சம் போட்டுக் கிளறிவிட்டால் போதும். ஒரு பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். வாழைத்தோல், முருங்கைச் சக்கை, வெங்காயச் சருகு, மிஷின் வேண்டாம் என்பதையெல்லாம் பானை சாப்பிடும். முருங்கைச் சக்கையைச் சின்னதாகக் கிள்ளிப் போடுங்கள்.

மேடவாக்கம்வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டிஸ்போசர் வாங்கவில்லை. நாத்தனாரிடம் சொன்னேன், அந்த இடத்தில் பையனுக்கு ஷூ வாங்கி வருகிறாராம்.

சேம்பரை ஜெட் வைத்துச் சுத்தம் செய்தாயிற்று. அசோசியேஷன் கூட்டத்தில் கீழ் வீட்டுப் பெண்தான் முதலில் கை தூக்கினாள், மழை நாளில் அவள் வீட்டு நஹானியிலும் வாடை வந்துகொண்டிருந்ததாம். இப்போது எங்கள் சிங்க்கில் தண்ணீர் நிற்பதே இல்லை. நெளிகுழாயை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டாயிற்று, ஓட்டைக்குள் எஃகு வலைக் கிண்ணம் வைத்திருக்கிறேன். கடாயைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைக்கச் சொல்லி அத்தையே எல்லாருக்கும் உத்தரவு போட்டிருக்கிறார்.

பானை இரண்டும் பால்கனியில் இருக்கின்றன. அவற்றுக்கு அத்தைதான் பொறுப்பு, என்னைத் தொட விடுவதில்லை. மக்காத குப்பையும் மிச்ச சோறும் மட்டும் கூடையில் இறங்குகின்றன. முதல் நாள் கயிறு கொடியில் சிக்கிக்கொண்டது, இப்போது பழகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம்: பானையில் சின்னச் சின்னதாகக் கறுப்பு ஈ பறக்கிறது. அத்தை வேப்பம் பிண்ணாக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

மாடித்தோட்டம்:

போடலாம், இரண்டு கைப்பிடி. பழத்தோலை மேலாக விடாமல் உள்ளே புதைத்துவிட்டு, வாய்க்கு மெல்லிய பருத்தித் துணி கட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஈ குறைந்துவிடும்.