பாட்டி வீட்டுப் பரண்

கோவை சித்தப்பா: நாளை பெயிண்டர் வருகிறார். பரணில் அம்மாவின் தகரப்பெட்டி, முழுக்க இன்லண்ட் லெட்டர். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடவா?

மதுரை அத்தை: ஐயோ, வேண்டாம் தம்பி!!

மதுரை அத்தை: ஞாயிறு நூலகத்தில் இசபெல் அயெந்தே பற்றிப் பேசப்போகிறேன். சிலி எழுத்தாளர். 1942இல் பெருவின் லிமாவில் பிறந்தார், அப்பாவுக்கு அங்கே சிலி தூதரகத்தில் வேலை. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் அதிபர் சால்வதோர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. அதிபர் இவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். 1975இல் இவர் வெனிசுவேலாவுக்குப் போய்விட்டார்.

தம்பி: அத்தை, பெட்டி??

மதுரை அத்தை: அதற்குத்தான் வருகிறேன். இசபெலும் அவர் அம்மாவும் பிரிந்திருந்தபோதெல்லாம் கடிதம்தான். சுமார் 24,000 இருக்குமாம். வருஷவாரியாகப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அண்ணி: அவர்கள் வீட்டில் பரண் பெரிது போல 😄

அப்பா: 👍

மதுரை அத்தை: சிலியில் தாத்தா சாகக் கிடக்கிறார், இவரால் ஊருக்குப் போக முடியவில்லை. 1981 ஜனவரி 8 அன்று அவருக்கு எழுத ஆரம்பித்த கடிதம்தான் முதல் நாவலாக வளர்ந்தது. இன்றும் புதுப் புத்தகத்தை அந்தத் தேதியில்தான் தொடங்குகிறார்.

தம்பி: ஜனவரி 8 எங்கள் கல்யாண நாள்

அண்ணி: இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்த நாள்

கோவை சித்தப்பா: நான் அப்போதே 50 பேருக்குக் கூடுதலாகச் சொல்லச் சொன்னேன். யார் கேட்டீர்கள்?

அப்பா: மறுபடியுமா

மதுரை அத்தை: நான் முடிக்கவில்லை. இசபெலின் சின்ன வயதிலேயே அவர் அப்பா விட்டுப் போய்விட்டார். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. பல வருஷம் கழித்துப் பிணவறைக்கு அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். இவருக்கு முகமே தெரியவில்லை. ஒரு காகிதத்தை எறிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கோவை சித்தப்பா: 📷 புகைப்படம்

கோவை சித்தப்பா: அக்கா, பெட்டியின் அடியில் இருந்தது. உன் கல்யாணப் போட்டோதானே? மாலையும் தோளும் இருக்கிறது, மாமா முகத்தைக் காணோம். கத்தரிக்கோல் வேலை.

மதுரை அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: விடுடா.

அண்ணி: பெயிண்டர் சதுர அடிக்கு எவ்வளவு கேட்கிறார் சித்தப்பா?

கோவை சித்தப்பா: அதைத் தனியாகச் சொல்கிறேன். பெட்டியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?

தம்பி: எங்களுடையது ஒரு பெட்ரூம் வீடு

மதுரை அத்தை: ஞாயிறு முடியட்டும். நானே வருகிறேன். யாரும் திறக்க வேண்டாம்.

கோவை சித்தப்பா: பெயிண்டர் காலை ஆறரைக்கு வருகிறார் அக்கா

அண்ணி: அப்புறம், அந்தப் பரணில் ஒரு பித்தளை உருளி இருந்ததே?