டச்சு பாலிசியில் 0,85% பிரீமியம்: கணக்கு பத்து மடங்கு உதைக்கிறது, உதவி தேவை

கேள்வி
வணக்கம். நெதர்லாந்துக் கட்டடக் காப்பீட்டு பாலிசி ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். வந்தது ஸ்கேன் பிடிஎஃப். ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) போட்டு எடுத்ததில் இப்படி இருக்கிறது:

காப்பீட்டுத் தொகை € 1.250.000,-
பிரீமியம் 0,85%
ஆண்டுக்கு € 1.062,50

பன்னிரண்டரை லட்சத்தில் 0.85 சதவீதம் என்றால் 10,625 யூரோ அல்லவா? எந்த எண் தப்பு? அந்த ",-" எதற்கு? நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

பதில் 1
எண்கள் சரி, குறிதான் தப்பு. ஸ்கேனைப் பெரிதாக்கி, சாய்கோட்டுக்குக் கீழே ஒரு வட்டமா இரண்டா என்று பாருங்கள். இரண்டு என்றால் அது ‰, அதாவது ஆயிரத்துக்கு இவ்வளவு. கட்டடக் காப்பீட்டில் டச்சுக்காரர்கள் விகிதத்தை ‰-இல் சொல்வது வழக்கம். ஓசிஆர் அதை % ஆக்கிவிடும். 12,50,000 × 0.85 ÷ 1000 = 1,062.50. ",-" என்றால் சென்ட் இல்லை, நம் ஊர் "/-" மாதிரி. ஆங்கிலத்தில் விட்டுவிடலாம்.

கேட்டவர்
இரண்டு வட்டம்தான்! மிக்க நன்றி. ஆங்கிலத்திலும் ‰ என்றே போடலாமா? படிக்கப்போவது காப்பீட்டுத் துறைக்காரர் அல்ல, ஒரு கணக்காளர்.

பதில் 2
அப்படியானால் "காப்பீட்டுத் தொகையில் ஒவ்வொரு €1,000-க்கும் €0.85" என்று விரித்து எழுதுங்கள். 0.085% என்றாலும் கணக்கு சரிதான். ஆனால் மூலத்தை அருகில் வைத்துப் பார்ப்பவர் 0,85-ஐத் தேடுவார், அதனால் நான் அப்படி மாற்றமாட்டேன்.

இன்னொன்று, டச்சில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி; ஆங்கிலத்தில் நேரெதிர். இரண்டையும் ஒட்டுமொத்தமாக மாற்றும்போது கவனம். முதலில் எல்லாப் புள்ளியையும் காற்புள்ளியாக்கி, பிறகு எல்லாக் காற்புள்ளியையும் புள்ளியாக்கினால் 1.062.50 என்று வந்து நிற்கும். இடையில் @ போன்ற ஒரு தற்காலிகக் குறி வையுங்கள்.

வரித்தொகை உள்ள இடத்தையும் பாருங்கள். 'அசுரான்சிபெலாஸ்டிங்' (காப்பீட்டு பிரீமியத்தின் மீதான வரி) 2013 முதல் 21%. அங்கே வாட் வரியும் 21% என்பதால் பலர் வாட் என்றே எழுதிவிடுகிறார்கள். அது வேறு வரி. இன்ஷூரன்ஸ் பிரீமியம் டாக்ஸ் என்று போடுங்கள்.

கேட்டவர்
அடுத்த வரியில் 21% என்று € 223,13, மொத்தம் € 1.285,63 இருக்கிறது. கூட்டினால் சரியாக வருகிறது.

பதில் 1
நல்லது. அனுப்பும் முன் அதே கோப்பில் உள்ள மற்ற % குறிகளையும் ஸ்கேனோடு ஒப்பிட்டுவிடுங்கள். வரி விகிதமான 21% உண்மையிலேயே சதவீதம், அதையும் சேர்த்து ‰ ஆக்கிவிடாதீர்கள்.